ஆள் சேர்க்கும் கமிட்டிக்குக் கிழவன் சொல்லும் யோசனை

வா தம்பி, பசியாறிட்டியா? பசியாறாத ஆளுகிட்ட நான் புத்திமதி சொல்றதில்ல. பாதியில ரொட்டி சனாய் ஞாபகம் வந்து எந்திரிச்சுப் போயிடுவாங்க.

கமிட்டி போட்டிருக்கீங்களாம். "இன்றைய திருச்சபை எதிர்நோக்கும் சவால்கள்"னு கருத்தரங்கு. ஹோட்டல் மண்டபம், ஏர்கோன், மத்தியானம் பஃபே, தலைக்கு எண்பது வெள்ளி. கிள்ளான் பள்ளத்தாக்குல இருக்கற தமிழ்க் கிறிஸ்தவங்க குறையெல்லாம் அங்க பேசித் தீக்கப் போறீங்க. ரொம்ப சந்தோஷம். எண்பது வெள்ளி கட்ட முடியாதவனுக்குக் குறையே கிடையாதுன்னு கண்டுபிடிச்ச மூளை யாரோடது? அவருக்கு மேடையில ஒரு பொன்னாடை போத்துங்க.

நான் தோட்டத்தான். லயத்து வீட்டுல பொறந்து, கோழி கூவறதுக்கு முன்னாடி ஆள் கணக்கெடுக்கற பிரட்டுக்கு ஓடுன குடும்பம். பேச்சு கொஞ்சம் கோணலாத்தான் வரும், பொறுத்துக்கோ. என் கோயில் எதுன்னு மட்டும் கேக்காத. சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நானே உவமையா வந்து நிப்பேன்.

உன் நோட்டீசைக் கண்ணாடி போட்டே படிச்சேன். சட்டம், சர்க்கார், செல்போன், சினிமா, காலத்தின் கோலம். ஒண்ணு விடாம எல்லாச் சவாலும் வெளிய இருந்துதான் வருது. உள்ள இருந்து ஒண்ணுகூட வரலையா? அவ்வளவு சுத்தமான சபையா நம்மளுது? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.

வெளிச் சவால் பொய்யின்னு நான் சொல்லல. அதுல எனக்குக் கிண்டலும் இல்ல. ஷா ஆலம்ல ஒரு கத்தோலிக்கக் கோயில் கட்ட எடம் கேட்டு ஏறக்குறைய முப்பது வருஷம் அலைஞ்சாங்க. கடைசியில 2005-லதான் இறை இரக்க ஆலயம் எந்திரிச்சுச்சு, அதுவும் வீடுங்களுக்கு நடுவுல இல்ல, தொழிற்சாலைங்களுக்குப் பக்கத்துல. அப்புறம் 'ஹெரால்டு' வழக்கு. அந்தக் கத்தோலிக்கப் பத்திரிகையோட மலாய்ப் பக்கத்துல 'அல்லா'ன்னு அச்சடிக்கக் கூடாதுன்னு உள்துறை அமைச்சு தடை போட்டுச்சு. 2009 டிசம்பர் 31-ல உயர் நீதிமன்றம் கோயில் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. பத்து நாள் ஆகல, கோலாலம்பூர் டேசா மெலாவத்தியில மெட்ரோ டாபர்னக்கல் சபைக்குத் தீ வச்சாங்க. 2013 அக்டோபர்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவுத்துச்சு. 2014 ஜூன்ல கூட்டரசு நீதிமன்றத்துல ஏழு நீதிபதிங்க உக்காந்து, நாலு பேரு ஒரு பக்கம் மூணு பேரு ஒரு பக்கம்னு பிரிஞ்சு, மேல முறையீடு செய்ய அனுமதியே இல்லன்னு கதவைச் சாத்திட்டாங்க. அதே வருஷம் ஜனவரியில பெட்டாலிங் ஜெயா வேதாகமச் சங்கத்துக்குள்ள சிலாங்கூர் சமய இலாகா பூந்து முன்னூறுக்கும் மேல பைபிளை அள்ளிக்கிட்டுப் போச்சு.

2015 ஏப்ரல்ல தாமான் மேடான்ல, கடைவீட்டுச் சபை ஒண்ணு வாசல்ல மாட்டியிருந்த சிலுவையைக் கழட்டச் சொல்லிக் கூட்டம் வந்து நின்னுச்சு. அன்னிக்கே கழட்டிட்டாங்க. 2017 பிப்ரவரி 13-ல, பட்டப்பகல்ல, கெலானா ஜெயா ரோட்டுல பாஸ்டர் ரேமண்ட் கோவோட காடியை மறிச்சு ஆளைத் தூக்கிட்டுப் போனாங்க. இன்னி வரைக்கும் மனுஷன் வீடு திரும்பல. 2019-ல மனித உரிமை ஆணையம் விசாரிச்சு, இது போலீஸ் சிறப்புப் பிரிவு வேலைன்னு சொல்லுச்சு. 2025 நவம்பர்ல உயர் நீதிமன்றம், போலீசும் அரசாங்கமும்தான் பொறுப்புன்னு சொல்லுச்சு. அவரு சம்சாரம் சூசன்னா அத்தனை வருஷமும் புருஷன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இந்த விஷயத்தைக் கருத்தரங்குல பேசு, எந்திரிச்சு நின்னு பேசு. நானும் வந்து பின்னால நிக்கறேன்.

ஆனா தம்பி, எட்டரை மணித் தமிழ்ப் பூசையில முன்வரிசை பெஞ்செல்லாம் காலியாக் கெடக்கே, அதைக் கூட்டரசு நீதிமன்றமா காலி பண்ணுச்சு? உன் மகன் ஞாயித்துக்கிழமை பதினோரு மணி வரைக்கும் தூங்கறானே, அவனைச் சமய இலாகாவா தாலாட்டித் தூங்க வச்சுச்சு? ஹெரால்டு நாலு மொழியில வந்த பத்திரிகை. மலாய்ப் பக்கத்துக்காக ஏழு வருஷம் கோர்ட்டு ஏறி எறங்குனாங்க. தமிழ்ப் பக்கத்துக்கு எவனும் தடை போடல. அதை நம்மள்ல எத்தனை பேரு பிரிச்சுப் படிச்சோம்? எங்க வீட்ல மீன் ஆயறதுக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு.

கணக்குக்கு வா. 2020 கணக்கெடுப்புல நாட்டு மக்கள்ல 9.1 விழுக்காடு கிறிஸ்தவங்க. அதுல பெரும்பகுதி சபா, சரவாக்குல. இங்க இருக்கற இந்தியர்ல நூத்துக்கு ஆறு பேருதான் கிறிஸ்தவங்கன்னு 2010 கணக்கு சொல்லுச்சு. அவ்வளவு சின்னக் கூட்டம். அதுக்குள்ள எத்தனை கூறு! பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நட. 1924-ல கட்டுன சீயோன் லூத்தரன் கோயில். பாத்திமா மாதா கோயில். சீனக் கத்தோலிக்கருக்காக எழும்புன ஜெபமாலை மாதா கோயில். மலையாளிங்களோட ஆர்த்தடாக்ஸ் சிரியன் கோயில். எல்லாம் நடக்கற தூரம். ரயில்வேயில வேலை பாத்த யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும், தண்டவாளம் போட்ட தமிழ்நாட்டுக் கூலிங்களும், மலையாளிங்களும் ஒரே தெருவுல தண்ணி புடிச்சாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் ஆளுக்கொரு வாசல்ல நுழைஞ்சாங்க. அவுங்க குடியிருந்த நூறு குவாட்டர்ஸை இடிச்சாச்சு. பழைய ரயில் யார்டு இருந்த எடத்துல கேஎல் சென்ட்ரல் நிக்குது. கோயில்ங்க மட்டும் அப்படியே இருக்கு. ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு இன்னொருத்தர் போவோம், சாப்பாட்டுக்கும் உக்காருவோம். சேந்து ஒரு தமிழ் மறைக்கல்வி வகுப்பு நடத்தலாமான்னு கேட்டா மட்டும் மார்ட்டின் லூத்தர் 1517-ல என்ன சொன்னாருன்னு ஞாபகம் வந்துடும்.

சரி, பூசைக்குள்ள வா. எங்க கோயில்ல பாட்டுப் புத்தகம் போயித் திரை வந்தாச்சு. திரையில ஓடறது தமிழ்ப் பாட்டு, ஆனா இங்கிலீஷ் எழுத்துல. ஏன்யான்னு கேட்டா, பாடகர் குழுவுல பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாதாம். என் பேத்திதான் மைக் முன்னால. கொரல்னா கொரல், தேன். ஆனா நித்திய வாழ்வு வர்ற எடத்துல எல்லாம் "நித்திய வால்வு, நித்திய வால்வு"ன்னு உருகி உருகிப் பாடுது. யாருக்கும் ஒண்ணும் தோணல. எனக்கு முன் பெஞ்சுல இருந்த பைப்பு ரிப்பேர்க்காரர் மட்டும் நிமிந்து பாத்தாரு.

பேத்தியை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அது வருதே, அதுவே பெரிசு. பத்தரை மணிக்கு இங்கிலீஷ் பூசை. அப்ப காடி நிறுத்த எடம் கெடைக்காது, ரெண்டு வரிசை மூணு வரிசையா நிறுத்தி, பின்னால வந்தவன் ஆரன் அடிப்பான். உள்ள எட்டிப் பாத்தா பாதிக்கு மேல நம்ம மூஞ்சிதான். எட்டரைக்கு வராத மூஞ்சியெல்லாம் பத்தரைக்குப் பவுடர் போட்டு வந்திருக்கு.

அதனால கமிட்டிக்கு என் யோசனை, எழுதிக்கோ. தமிழ்ப் பூசையைச் சீக்கிரமா இழுத்து மூடணும்னா வழி இருக்கு. வீட்ல பிள்ளைகிட்ட தமிழ் பேசக் கூடாது. தமிழ்ப்பள்ளி பக்கமே விடக்கூடாது, அது தோட்டத்துப் பிள்ளைங்க போற எடம். மறைக்கல்வியையும் இங்கிலீஷ்ல போடணும். பதினெட்டு வயசாகி அவன் பெர்த்துக்கோ மெல்பர்னுக்கோ படிக்கப் போனதும், "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தமிழ்ப் பற்றே இல்ல"ன்னு கண்ணைக் கசக்கணும். அதுக்கு மேல கமிட்டி. கமிட்டிக் கூட்டத்தை இங்கிலீஷ்லயே நடத்துங்க, மினிட்ஸ் எழுத அதுதான் வசதி.

இங்கிலீஷ்ல கும்புட்டா ஆண்டவருக்குக் கேக்காதான்னு மொறைக்காத. நல்லாக் கேக்கும். படிச்ச பிள்ளைக்கு எந்த மொழியில மனசு ஒட்டுதோ அதுல போகட்டும், நான் யாரு தடுக்க? என் கவலை அந்தப் பிள்ளை மேல இல்ல. அதுக்குக் கோயில் இருக்கு, காடி இருக்கு, கொண்டோ இருக்கு. காலியாக் கெடக்கற தமிழ் பெஞ்சுல இங்கிலீஷ் தெரிஞ்சவன் மட்டுமா உக்காந்திருந்தான்? இங்கிலீஷே தெரியாத ஒரு கூட்டமும் அதுல இருந்துச்சே, அது எங்க போச்சுன்னு உன் கமிட்டியில ஒருத்தராவது கேட்டாங்களா?

கேளு. தோட்டத்துல இருந்தப்ப டவுன் கோயில் எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் பாக்கற அதிசயம். கிள்ளான் லூர்து மாதா கோயில் 1928-ல கட்டுனது. அந்த உச்சிக் கோபுரத்தைப் பாத்துட்டு வந்தா ஒரு வாரம் அதே பேச்சா இருக்கும். புடுவுல தமிழருக்குன்னே 1910-ல கட்டுன அந்தோணியார் கோயில் தேரைப் பாக்க லாரி புடிச்சுப் போவோம். ஆனா அன்னாட வேதம் எங்களுக்கு வந்தது சைக்கிள்ல. உபதேசியார்னு ஒரு ஆளு. வெள்ளை வேட்டி, கேரியர்ல ஜெபப் புத்தகம், ஹேண்டில்ல தொங்கற சாப்பாட்டுக் கேரியர். சாமியார் மாசத்துக்கு ஒரு தரம் வருவாரு, சில பேரு பிரான்சு தேசத்து ஆளு, ஆனாலும் தமிழ்ல பாவசங்கீர்த்தனம் கேப்பாரு. மத்த நாளெல்லாம் உபதேசியார்தான். எந்த லயத்துல எவன் குடிச்சுட்டுப் பொண்டாட்டியை அடிச்சான், எந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் பாக்கி, எந்தக் கெழவிக்கு இழுத்துக்கிட்டு இருக்கு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. பால் வெட்டறவன் மரத்துக்கிட்ட போவான் தம்பி, மரம் அவனைத் தேடி வராது. உபதேசியாருக்கு அது தெரிஞ்சிருந்துச்சு.

தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தாங்க. வீட்டுமனை வந்துச்சு, தொழிற்சாலை வந்துச்சு, கோல்ஃப் மைதானம் வந்துச்சு. ஆளுங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு கிள்ளானுக்கும் காப்பாருக்கும் பக்கத்துல கம்பத்து வீட்டுல ஒண்டி, அங்க இருந்து அடுக்குமாடிக்கு ஏறுனாங்க. உபதேசியார் கூட வரல, அவரு காலம் முடிஞ்சுது. அந்த சைக்கிளை எடுக்க அடுத்த ஆளு வரல. கோயில் அதே எடத்துல நின்னு மணி அடிச்சுக்கிட்டு இருக்கு.

இப்ப நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன். எங்க பக்கத்து அடுக்குமாடியில ஒரு லாரி டிரைவர் செத்துப் போனான். ஞானஸ்நானம் வாங்குன கத்தோலிக்கன்தான். பொண்டாட்டி கோயில் ஆப்பீசுக்குப் போன் போட்டா. திங்கக்கிழமை, ஆப்பீஸ் லீவு. செவ்வாய்க்கிழமை எடுத்தாங்க. குடும்ப அட்டை இருக்கா, எந்த பி.ஈ.சி. குழு, எந்த மண்டலம், கடைசியா எப்ப சந்தா கட்டுனீங்கன்னு கேட்டாங்க. அவ போனை வச்சுட்டா. திங்கக்கிழமை ராத்திரியே ஒரு பாஸ்டர் வந்துட்டாரு. நம்ம கோயில் ஆளில்ல. டயர் கடைக்கு மேல மாடியில சபை நடத்தறவரு. பழைய புரோட்டான் சாகா டிக்கியில மடக்கு நாற்காலி ஏத்திக்கிட்டு வந்து, லிப்டு கெட்டுப் போன கட்டடத்துல மூணாவது மாடிக்கு அவரே தூக்கிக்கிட்டு ஏறுனாரு. ராத்திரி முழுக்கப் பாட்டு. காலையில பிள்ளைங்களுக்கு நாசி லெமாக் வாங்கிக் குடுத்தாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தக் குடும்பம் எங்க இருந்திருக்கும்னு நான் சொல்லணுமா? நம்ம ஆளுங்க பேச்சு என்ன தெரியுமா? "பெந்தெகோஸ்துக்காரனுங்க ஆடு திருடறானுங்க." அட, ஆட்டை வெளிய நிறுத்திக் குடும்ப அட்டை கேட்டது யாரு?

அதுக்காக டயர் கடைப் பாஸ்டருக்கு நான் சிலை வைக்கல. அவருக்கும் என்கிட்ட பாக்கி இருக்கு. முந்தா நாளு வரைக்கும் வெறும் பிரதர், நேத்து பாஸ்டர், இன்னிக்கு விசிட்டிங் கார்டுல ரெவரெண்ட் டாக்டர் அப்போஸ்தலர். பட்டம் கார்டுல அச்சாகற வேகத்துல பாவம்கூட மன்னிக்கப்படறதில்ல. வாடகை கட்ட முடியாத ஜனத்துகிட்ட பத்துல ஒண்ணு, அது போக விதைக் காணிக்கை, அது போகக் கட்டட நிதி. கணக்குக் கேட்டா அவிசுவாசி. தமிழ்நாட்டுல இருந்து பெரிய ஊழியர் வர்றாருன்னா இன்னும் விசேஷம். அவரு ஸ்டேடியம் மேடையில நின்னு, "இங்கே முதுகு வலியோட ஒரு சகோதரி இருக்கீங்க"ன்னு தரிசனம் சொல்வாரு. வாரம் ஆறு நாளு மாப்பு போடற பொம்பளைங்க கூட்டத்துல முதுகு வலி இல்லாத சகோதரியைக் கண்டுபிடிக்கறதுதான்யா தரிசனம்!

பெரிய சபைங்க கதை வேற. புக்கிட் ஜாலில்ல கால்வரி மண்டபத்துல ஒரே நேரத்துல 5,000 பேரு உக்காரலாம். பாட்டு, வெளிச்சம், காடி நிறுத்தற எடம், பிள்ளைங்களுக்குத் தனி வகுப்பு. நம்ம பையன் ஒரு தரம் இந்த மாதிரி எடத்துக்குப் போயிட்டு வந்தா, நம்ம கோயில்ல சுத்தற மூணு காத்தாடி அவனுக்குத் தாங்காது. போகட்டும் விடு. ஆனா அங்க இவனை யாரும் பேரு சொல்லிக் கூப்புடலைன்னா, ஆறு மாசத்துல அங்கயும் இருக்க மாட்டான், இங்கயும் வர மாட்டான். ரெண்டு பக்கமும் அவன் எதிர்ப்பக்கத்துல இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருப்போம்.

2020 மார்ச்சு 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு போட்டாங்களே, அதுல இருந்து இன்னொரு ரகம் வந்துச்சு. கைலியைக் கட்டிக்கிட்டு, சோபாவுல காலை நீட்டி, காணிக்கை பவனி நேரத்துல தே ஓ கலக்கிக் குடிச்சுப் பூசை பாத்துப் பழகிட்டோம். பிரசங்கம் நீண்டா ஓட்டி விட்டுடலாம். இந்த வரத்தைப் பேதுருவுக்குக்கூட ஆண்டவர் குடுக்கல. கட்டுப்பாடு எடுத்து எத்தனையோ நாளாச்சு, சில பேரு சோபாவை விட்டு இன்னும் எந்திரிக்கல.

சாதியைப் பத்தி உன் நோட்டீசுல ஒரு வரி இல்ல. ஒருவேளை ஒழிஞ்சு போச்சோ என்னமோ. நற்கருணை எடுக்க வரிசையில நிக்கறப்ப எல்லாரும் ஒரே சரீரம். மாப்பிள்ளை பாக்கறப்ப மட்டும், "நல்ல பையன்தான், பக்தியான குடும்பம்தான், ஆனா அவுங்க… நம்ம ஆளுங்க இல்ல போலிருக்கே"ன்னு இழுப்போம். அவுங்க சிலோன், நாங்க இந்தியா, அவுங்க மலையாளம். கப்பல் ஏறி நூறு வருஷம் ஆச்சு, கடல் தண்ணிகூடக் கரைக்கல. கல்யாணம் முடியாம முப்பத்தஞ்சு வயசுல நிக்கற பொண்ணு கோயிலுக்கு வர வெக்கப்படுதே, அது எந்தச் சவால்ல சேர்த்தி?

அப்புறம் நம்ம இந்துச் சொந்தக்காரங்க. அண்ணன் ஒரு சாமி தம்பி ஒரு சாமின்னு இருக்கறது நம்ம வீட்டுல புதுசில்ல. ஜூலையில புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குப் போயிப் பாரு. மெழுகுவத்தி ஏந்தற கூட்டத்துல நம்ம ஆளு எத்தனை, நெத்தியில விபூதி வச்ச ஆளு எத்தனைன்னு எண்ண முடியாது. பிரிக்பீல்ட்ஸ்ல கந்தசாமி கோயிலும் லூத்தரன் கோயிலும் நூறு வருஷமா ஒரே காத்தைச் சுவாசிக்குது, சண்டை வரல. இப்ப புதுசா வேதத்துக்கு வந்த சில பேருக்குத்தான் பெத்த தாய் வச்ச பொங்கலைத் தொட்டா மோட்சத்துல எடம் போயிடுதாம். தீபாவளிக்குத் தாய் வீட்டு வாசல்ல நின்னு, "உள்ள படத்தைக் கழட்டுனாத்தான் வருவேன்"னு ஒருத்தன் சொன்னதை நான் காதால கேட்டேன். தாமான் மேடான்ல சிலுவையைக் கழட்டச் சொன்னப்ப நமக்கு நெஞ்சு எரிஞ்சுதே, அந்தத் தாய்க்கும் அதே எரிச்சல்தானே? இதைப் பிரசங்கத்துல சொல்லுங்கன்னு ரெண்டு மூணு பாஸ்டருங்ககிட்ட சொல்லிப் பாத்தேன். எனக்காக ஜெபிக்கறேன்னு சொன்னாங்க.

சாமியார் பத்தலைன்னு ஒரு பாட்டு இருக்கு. உண்மைதான். 1665-ல சயாம்ல தொடங்கி 1808-ல பினாங்குக்கு வந்த காலேஜ் ஜெனரல் ஆசியா பூராவுக்கும் குருக்களை உண்டாக்குன எடம். இன்னிக்கு அங்க சேர்ற பையன்கள் கொஞ்சம்தான், அதுலயும் தமிழ்ல பிரசங்கம் வைக்கறவன் இன்னும் கொஞ்சம். பெத்தவங்ககிட்ட கேட்டா, "குருத்துவம் புனிதமானது, பக்கத்து வீட்டுப் பையன் போகட்டும்"பாங்க.

ஆனா சாமியார் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு சொல்றியே, 1976 ஆகஸ்டு உனக்குத் தெரியாது, நீ அப்ப பொறக்கல. தீபகற்பத்துல இருந்த ஆயர்கள், குருக்கள் எல்லாரும் கெளம்பிப் பினாங்குல ஒரு மாசம் உக்காந்து யோசிச்சாங்க. பங்குல சாமியார் கெடையாது. ஞாயித்துக்கிழமை வழிபாட்டை ஜனங்களே நடத்துனாங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் வாசகம் வாசிச்சான், தெரிஞ்சவன் ஜெபம் சொன்னான், தெரியாதவன் பெஞ்சைத் தொடச்சான். ஆகாசம் இடிஞ்சு விழல. அந்தக் கூட்டத்துல இருந்துதான் வீடு வீடாக் கூடற சின்னச் சின்னச் சமூகம், உன் பி.ஈ.சி., மொளச்சுச்சு. அதை வீட்டுக்குப் போறதுக்குன்னு உண்டாக்குனாங்க. நீங்க அதை ஃபைல்ல மண்டலம் எழுதறதுக்கு வச்சுக்கிட்டீங்க.

அதனால இவ்வளவுதான் தம்பி. சிலுவையைக் கழட்டச் சொல்றவனுக்குப் பதில் சொல்ல வக்கீல் இருக்காங்க, ஆயர் இருக்காங்க, கிறிஸ்தவ சம்மேளனம் இருக்கு. மூணாவது மாடியில லிப்டு இல்லாத வீட்டுக்கு நடந்து ஏற யாரு இருக்கா? உன் கமிட்டியில பதினோரு பேரு. அதுல எத்தனை பேரு அந்தப் படியில ஏறியிருக்கீங்கன்னு அடுத்த கூட்டத்துல மினிட்ஸ்ல எழுதிக் காட்டு. எழுத ஒண்ணும் இல்லன்னா வெறும் பேப்பரையே காட்டு, பரவால்ல.

ஞாயித்துக்கிழமை காலையில அந்த அடுக்குமாடிப் பக்கம் பஸ்சை நம்ப முடியாது. கிராப் காடிக்குப் போக வர ஆகற காசு, ஒரு குடும்பத்துக்கு ரெண்டு நாளு கறிச் செலவு. கோயில் வேன் ஒண்ணு பின்னால ஷெட்டுல நிக்குது, வருஷத்துக்கு ஒரு தரம் யாத்திரைக்கு மட்டும் எடுக்கறாங்க. டயரு நல்லாத்தான் இருக்கு, நான் உதைச்சுப் பாத்தேன். ஏழரைக்குக் கெளம்புனா அங்க இருக்கற மூணு அடுக்குமாடியையும் சுத்திக்கிட்டு எட்டரைக்கு வந்துடலாம். எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு, ஓட்ட முடியாது. வேன் லைசென்ஸ் உள்ளவங்க ரெண்டு பேரு வேணும், மாசத்துல ஆளுக்கு ரெண்டு ஞாயிறு. பேரு குடுக்கறவங்க பூசை முடிஞ்சதும் பின்வாசல்ல என்கிட்ட குடுங்க. குடும்ப அட்டை கொண்டு வர வேண்டாம்.